மீந்த சவர்டோ ஸ்டார்ட்டரில் டம்ப்ளிங்: சூப்பில் பாதி கரைகிறது, மீதி வேகவில்லை

கேள்வி (ஜோஹன்னஸ்பர்க்):
வணக்கம். வீட்டிலேயே சவர்டோ ரொட்டி சுடுகிறேன். ரொட்டியைப் புளிக்கவைக்கும் ஸ்டார்ட்டருக்கு (மாவும் தண்ணீரும் கலந்து தானாகப் புளிக்கவிட்ட கலவை) புது மாவு கொடுக்கும்போதெல்லாம் ஒரு பங்கை எடுத்து ஒதுக்க வேண்டியிருக்கிறது. கொட்ட மனம் வராமல் ஃப்ரிட்ஜில் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறேன். இந்தக் குளிருக்கு பார்லி, உடைத்த பட்டாணி, பருப்பு கலந்த சூப் மிக்ஸில் ஆட்டெலும்பு போட்டு அடிக்கடி சூப் வைப்போம். அதில் இந்த மாவை டம்ப்ளிங்காக, அதாவது சூப்பிலேயே வேகும் மாவு உருண்டையாக, போடலாம் என்று பார்த்தால் சரியாக வரவில்லை.

ஒரு கப் ஸ்டார்ட்டர், அரை கப் கேக் மாவு, அரை டீஸ்பூன் சமையல் சோடா, உப்பு. முன்கூட்டியே கலந்து வைத்து, சூப் நன்றாகக் கொதிக்கும்போது கரண்டியால் விடுகிறேன். பாதி கரைந்து சூப் கூழாகிவிடுகிறது. மீதி வெளியே வெந்து, நடுவில் பசையாக நிற்கிறது. புளிப்பும் தூக்கல். அம்மாவுக்குப் பல் சரியில்லை, மெத்தென்று இருந்தால்தான் சாப்பிட முடியும். என்ன செய்யலாம்?

பதில் (டர்பன்):
ஸ்டார்ட்டர் எவ்வளவு பழசு? தண்ணீரும் மாவும் சம எடையா? மூடி போட்டு வேகவிடுகிறீர்களா?

கேட்டவர்:
சம எடைதான் அக்கா. டப்பாவின் அடியில் இருப்பது பல வாரம் பழசு, மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் நிற்கும். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன்.

பதில் (டர்பன்):
அப்படியானால் கரைவதற்குக் காரணம் மாவின் வயசுதான் தம்பி. கோதுமை மாவைக் கட்டிப் பிடிப்பது குளூட்டன். ஸ்டார்ட்டர் நாள்பட நாள்பட அமிலம் ஏறி, அந்தக் குளூட்டன் அறுந்துபோகும். ரொம்பப் பழசானதைக் கரண்டியில் எடுத்தால் இழுபடாது, சொட்டும். அது ருசிக்கு உதவும், பிடிமானத்துக்கு உதவாது. பிடிமானம் புது மாவிலிருந்துதான் வரவேண்டும், நீங்கள் போடுவது போதாது.

ஒரு வாரத்துக்கு உட்பட்டதை மட்டும் எடுங்கள். 200 கிராம் ஸ்டார்ட்டரில் 100 கிராம் தண்ணீர் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. அதற்கு 120 கிராம் மாவு, ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு. கேக் மாவுக்குப் பதில் பாதிக்குப் பாதி பிரெட் மாவு சேர்த்தால் இன்னும் நன்றாக நிற்கும். கையில் உருட்ட வராது, ஆனால் கரண்டியிலிருந்து வழியவும் கூடாது. முட்டைக்குத் தகுந்தபடி மாவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம்.

சோடா கால் டீஸ்பூன் போதும், அதையும் கடைசியில்தான் கலக்க வேண்டும். புளித்த மாவில் சோடா பட்டதுமே குமிழ் கிளம்பிவிடும். முன்கூட்டியே கலந்து வைத்தால் அந்தக் காற்றெல்லாம் கிண்ணத்திலேயே போய்விடும். சோடா புளிப்பையும் தணிக்கும். அதிகமானால் மஞ்சள் தட்டி சோப்பு வாடை வரும்.

சாம்பல் தண்ணீர் கெடுதல் இல்லை, வடித்துவிடலாம். இளஞ்சிவப்பு, ஆரஞ்சுக் கோடு அல்லது பூஞ்சை தெரிந்தால் மட்டும் டப்பாவோடு கொட்டிவிடுங்கள்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
கொஞ்சம் அரிசி மாவு சேர்த்தால் கெட்டிப்படுமே?

பதில் (டர்பன்):
கெட்டிப்படும், ஆனால் அரிசி மாவில் குளூட்டன் கிடையாது. கொதிக்கும் சூப்பில் பிட்டுப் பிட்டாக உதிர்ந்துவிடும். இதற்கு வேண்டாம்.

பதில் (பிரிட்டோரியா):
அக்கா சொன்னது எல்லாம் சரி. நடு வேகாததற்கு இன்னொரு காரணம் நீங்கள் இருக்கும் உயரம். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் மேலே இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். டர்பனில் 15 நிமிடத்தில் வேகும் உருண்டைக்கு உங்களுக்கு 20 நிமிடம் கொடுங்கள். தீயைக் கூட்டினால் சூடு ஏறாது, குதிக்கிற கொதியில் உருண்டைதான் உடையும். லேசாகக் குமிழ் வரும் தீயே போதும்.

மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். டம்ப்ளிங்கின் மேல்பாதி சூப்பில் வேகவில்லை, ஆவியில் வேகிறது. இங்கே குழம்பின் மேல் டொம்போலோ (ஆவியில் வேகும் ரொட்டி உருண்டை) வைத்துச் சமைக்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், வேகும்வரை மூடியில் கை வைக்கவே மாட்டார்கள். கண்ணாடி மூடி இருந்தால் நல்லது. பருப்பு சூப் அடிப்பிடிக்கும், அதனால் டம்ப்ளிங் போடுமுன் சூப்பை முழுதாக வேகவைத்து, ஒரு கப் வெந்நீர் ஊற்றித் தளர்த்திக்கொள்ளுங்கள். உருண்டை எலுமிச்சை அளவைத் தாண்ட வேண்டாம், அது வெந்தால் இரட்டிப்பாகும்.

கேட்டவர்:
அக்கா, அண்ணா, இருவருக்கும் ரொம்ப நன்றி. புது ஸ்டார்ட்டரில், நீங்கள் சொன்ன அளவிலேயே செய்தேன். ஒன்றுகூடக் கரையவில்லை. குச்சி விட்டுப் பார்த்தால் சுத்தமாக வந்தது. அம்மா இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மீந்ததை மறுநாளைக்குச் சூப்பிலேயே விடலாமா?

பதில் (டர்பன்):
வேண்டாம் தம்பி. சூப்பை உறிஞ்சி ஊறிப்போகும். தனியாக எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டுங்கள், அப்புறம் சூடான சூப்பில் போடலாம். அம்மாவுக்குச் சூடு ஆறுமுன் கொடுங்கள், ஆறினால் இறுகும்.