தசை வலியோடு அன்றாட வேலை: கோலாலம்பூர் பக்கம் கைகொடுத்த வழிகள்

செந்தூல் அக்கா:
உடம்பு லேசாக இருக்கிற நாளில் வீடு முழுக்கக் கூட்டி, மாப் போட்டு, ஒரு வாரத் துணியையும் துவைத்து முடிப்பது, அடுத்த மூன்று நாள் படுக்கை. ஃபைப்ரோமையால்ஜியா, அதாவது உடம்பு முழுக்க நீண்டநாள் தசை வலி, உள்ளவர்கள் வீட்டில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். இதில் தசை கிழிந்திருக்காது, வீங்கியும் இருக்காது. சாதாரண அழுத்தத்தையே நரம்பு மண்டலம் வலியாக எடுத்துக்கொள்கிறது. வேலை நேரத்தில் தெரியாத வலி மறுநாள் வந்து நிற்கும். அதனால் வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள், மணி பார்த்து நிறுத்துங்கள்.

ஒரு வேலையை வலி ஏறாமல் எத்தனை நிமிடம் செய்ய முடிகிறது என்று மூன்று நாள் எழுதிவையுங்கள். சராசரி 10 நிமிடம் என்றால் 8 நிமிடத்துக்கு அலாரம். நல்ல நாளிலும் 8தான், அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். இரண்டு வாரம் தாங்கினால் 1 நிமிடம் கூட்டலாம்.

மாவு அரைக்க 4 கப் அரிசி, 1 கப் உளுந்து என்று ஒரே மூச்சில் போடாதீர்கள். 2 கப், அரை கப் போதும். டேபிள்டாப் கிரைண்டரின் கல் பாத்திரத்தைத் தூக்கிச் சாய்ப்பதுதான் தோள்பட்டைக்கு எமன். சுவிட்சை அணைத்து, உருளைகளை எடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கரண்டியால் வழியுங்கள். மாவுப் பாத்திரம் பக்கத்திலேயே அதே உயரத்தில் இருக்கட்டும். பிறகு உருளையை மாட்டி, இரண்டு தம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் ஓடவிட்டால் தேய்க்கிற வேலை பாதி மிச்சம்.

கெப்போங் தம்பி:
அக்கா சொன்ன அலாரம் சரியான வழி. தூக்குகிற வேலைக்கு: அரிசி 10 கிலோ பைக்குப் பதில் 5 கிலோ. கேஸ் தோம்பில் (சிலிண்டரில்) வாயு மட்டுமே 14 கிலோ. கொண்டுவருகிறவரையே அடுப்படிவரை வைத்து ரெகுலேட்டரை மாட்டித் தரச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். எல்ஆர்டி ரயிலில் ஏர்கோன் குளிர் கழுத்தையும் தோளையும் இறுக்கும். வெளியே வெயில் என்று சால்வையை விட்டுப் போகாதீர்கள்.

பத்துமலைக்குப் போகிறவர்கள் கவனிக்க: 272 படியில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் தொடைக்குப் பாடு இறங்கும்போதுதான். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் வலி 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். 20 படிக்கு ஒரு நிறுத்தம், இறங்கும்போது கைப்பிடி, அடுத்த இரண்டு நாள் பெரிய வேலை வைக்கக் கூடாது.

பார்மசி அண்ணன்:
மருந்து விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பாரசிட்டமால் ஒரு நாளில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் உண்டு, அதையும் சேர்த்து எண்ணுங்கள். டாக்டர் வலிக்கும் தூக்கத்துக்கும் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதித் தந்து, காலையில் தலை பாரமாக இருந்தால், படுக்கும்போது விழுங்காமல் இரவு 8 மணிக்கே விழுங்கலாமா என்று அவரிடம் கேளுங்கள்.

கொலஸ்ட்ராலுக்கான ஸ்டேட்டின் மாத்திரையாலும் தசை வலி வரலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். வலியோடு பலவீனமும் சேர்ந்து சிறுநீர் கோப்பி ஓ (பால் இல்லாத காபி) நிறத்தில் போனால் அன்றே அவசரப் பிரிவு.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மூட்டு வலி ஜாமு (மூலிகை மருந்து) இரண்டே நாளில் வலியைத் துடைத்துவிட்டால் சந்தேகப்படுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த ஜாமுக்கள் இங்கே பிடிபட்டிருக்கின்றன. முகம் உப்பும், சர்க்கரை ஏறும். மாதக்கணக்கில் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். பதிவான பாரம்பரிய மருந்தில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி, எண்கள் வந்து, டி (T) எழுத்தில் முடியும் பதிவெண் இருக்கும். போலி எண்ணும் அச்சடிக்கிறார்கள், சுகாதார அமைச்சின் இணையத்தில் சரிபாருங்கள்.

ஸ்ரீ கோம்பாக் டீச்சர்:
கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான், ஆனால் டாக்டரிடம் கிடைக்கிற நேரம் குறைவு. "சாக்கிட் பாடான்" (உடம்பு வலி) என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் பனடோலோடு (பாரசிட்டமால்) அனுப்பிவிடுவார்கள். "சாக்கிட் ஓத்தோட், சூடா லெபே தீகா பூலான்" (தசை வலி, மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது) என்று தொடங்குங்கள். மூன்று மாதக் கணக்கு முக்கியம். ஒரு தாளில் உடம்புப் படம் வரைந்து வலிக்கும் இடங்களைக் குறியுங்கள். தூங்கி எழுந்தும் களைப்பா, ஞாபகம் மங்குகிறதா என்பதையும் எழுதுங்கள், நோயைக் கணிக்க அதுவும் வேண்டும். தைராய்டு, சிகே (தசைச் சேதம் காட்டுவது), ஈஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி காட்டுவது) ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். தைராய்டு குறைவும் இதே மாதிரி வலிக்கும், அதற்கு மருந்து இருக்கிறது.

செந்தூல் அக்கா:
டீச்சர், அந்தப் படம் வரைவது ரொம்ப உதவும். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் நடத்தும் மசாஜுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று: படுக்கும் முன்பே, முழங்கையால் அழுத்த வேண்டாம், முதல் தடவை 20 நிமிடம் போதும் என்று சொல்லிவிடுங்கள். மறுநாளைக்கும் மசாஜ் செய்த வலி நீடித்தால் அடுத்த தடவை நேரத்தைக் குறைக்காதீர்கள், முதலில் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.