பணியை விட்டு மணம் முடித்த சாமியார்களின் கதைகள் – உதவி தேவை

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கத்தோலிக்கக் குருவாக இருந்து, பிறகு பணியை விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்களின் வாழ்க்கைக் கதைகளைச் சேகரிக்கிறேன். 1987-இல் சிவகங்கை மறைமாவட்டம் உருவாகுமுன், மதுரையின் கீழ் பணிசெய்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள்தான் முதலில் வேண்டும்.

மணத்துறவிலிருந்து, அதாவது கல்யாணம் செய்வதில்லை என்ற குருவின் கடமையிலிருந்து, விலக்கு தரத் திருத்தந்தையால் (போப்பால்) மட்டுமே முடியும். ரோமிலிருந்து பதில் வரும்வரை எப்படி இருந்தார்கள், அம்மா என்ன சொன்னார், முன்பு பணிசெய்த பங்கின் (கோயிலின்) மக்கள் சந்தையில் பார்த்தால் எப்படிக் கூப்பிட்டார்கள்? 1983 திருச்சபைச் சட்டத்தின் 976-ஆம் பிரிவுப்படி, சாகக் கிடப்பவருக்கு இவர்கள் இன்றும் பாவமன்னிப்பு கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தவர் இருந்தால் அவசியம் சந்திக்க வேண்டும். மனைவிமார் பேசினால் இன்னும் நல்லது.

பெயர், ஊர் மாற்றித்தான் எழுதுவேன். தெரிந்தவர் இருந்தால் முதலில் அவரிடம் சம்மதம் கேளுங்கள், அப்புறம் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். நம்பரை இங்கே போட வேண்டாம்.