தாத்தா வீட்டுக் குழு: ஜேர்சியின் முதுகில் யார் பெயர்?

சுரேஷ்: எல்லாரும் கொஞ்சம் பாருங்கள். நம் கவினை 16 வயதுக்குட்பட்ட றக்பி அணியில் கடைசிக் காவலான ஃபுல்பேக்காகப் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை கண்டியில் மேட்ச், ஞாயிறு அவனுக்குப் பிறந்தநாள். எல்லாரும் சேர்ந்து 15ஆம் இலக்க ஜேர்சி ஒன்று கொடுப்போம் என்று நானும் பிரியாவும் பேசி வைத்திருக்கிறோம். முதுகில் உலகத்திலேயே சிறந்த ஃபுல்பேக் யாரோ அவர் பெயர். அச்சடிக்கிற கடைக்காரர் இன்று இரவு 8 மணிக்குள் பெயர் கேட்கிறார். அவன் இந்தக் குழுவில் இல்லை, யாரும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

லெட்சுமி அத்தை: கவின் தங்கத்துக்கு வாழ்த்துக்கள் 🎉🎉

டுபாய் மோகன்: சூப்பர் மச்சான். பணம் எவ்வளவு அனுப்ப?

செல்வி அக்கா: இது அவனுக்கு ஓ/எல் பரீட்சை வருடம் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை கணித வகுப்பு.

சுரேஷ்: ஒரு வகுப்புதானே அக்கா

செல்வி அக்கா: போன மாதமும் இதைத்தான் சொன்னாய்

பிரியா: பெயர்! பெயர் சொல்லுங்கள்

டுபாய் மோகன்: நியூசிலாந்தின் கிறிஸ்டியன் கலன். இதில் பேச்சே இல்லை.

வத்தளை சித்தப்பா: பிளாங்கோ

டுபாய் மோகன்: அது யார்

வத்தளை சித்தப்பா: 😡

ராஜு மாமா: அவசரப்படாதீர்கள். பெயர் சொல்வதற்கு முன்னால் அந்த இடம் என்ன இடம் என்று பார்க்க வேண்டும். மற்ற 14 பேருக்கும் பக்கத்தில் துணைக்கு ஒருவன் இருப்பான். 15ஆம் இலக்கக்காரனுக்கு முன்னால் எதிரி, பின்னால் கோடு, வேறு யாரும் இல்லை. பந்தை வானத்துக்கு உதைத்துவிட்டு நாலைந்து பேர் அவனை நோக்கி ஓடி வருவார்கள், அவன் கண்ணைப் பந்திலிருந்து எடுக்கக் கூடாது. நம் தரவளை கிரவுண்டில் மூன்று மணிக்குப் பனி இறங்கிவிட்டால் உதைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும், பந்து தெரியாது. அப்பா சுண்ணாம்பு வாளியோடு கோட்டுக்கு வெளியே நிற்பார், நான் அவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு துரை, பெயர் மறந்துவிட்டது, முழங்கையை நெஞ்சோடு சேர்த்து, ஒரு பக்கமாகத் திரும்பி, பனிக்குள் அண்ணாந்து பார்த்தபடியே நிற்பார். பந்து வந்து மடியில் விழும். அப்பா சொல்வார், "இவன்தான்டா ஆள், ஓடுகிறவனைப் பார்க்காதே, நிற்கிறவனைப் பார்" என்று. அதனால் ட்ரை, அதாவது எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்கிற கணக்கை வைத்து ஃபுல்பேக்கை எடை போடக் கூடாது. முதலில் பிடிக்கிறானா, அடுத்து விழுத்துகிறானா, அப்புறம்தான் ஓடுகிறானா என்பது.

லெட்சுமி அத்தை: சாப்பாடு ஆறுகிறது. போனை வைத்துவிட்டு வாருங்கள்

வத்தளை சித்தி: அப்பா அந்தத் துரைமாரோடு நிற்கிற போட்டோவும் இருக்கிறதே

ராஜு மாமா: இருக்கிறது. உன் வீட்டில். பிரேம் மாற்றித் தருகிறேன் என்று கொண்டுபோனாய்.

வத்தளை சித்தி: அண்ணா அதை இங்கே பேச வேண்டாம்

டுபாய் மோகன்: மாமா, கலன் 58 டெஸ்டில் (நாட்டுக்காக ஆடுகிற மேட்ச்) 46 ட்ரை. அதுவும் ஃபுல்பேக் ஒருவர். 1996இல் முதல் டெஸ்ட் சமோவாவோடு, மூன்று ட்ரை. அடுத்தது ஸ்கொட்லாந்தோடு, நான்கு. இரண்டே மேட்சில் ஏழு! பந்தைப் பிடித்த இடத்திலிருந்து நேராக வேகம் எடுப்பார், நின்று யோசிக்கிற வேலையே கிடையாது.

சுரேஷ்: அதே கலனை 1999 உலகக் கிண்ணத்தில் 13ஆம் இலக்கத்தில் போட்டார்களே

டுபாய் மோகன்: அதைத்தான் சொல்கிறேன். ஜெஃப் வில்சனை 15இல் போட்டு இவரை நடுவில் தள்ளினார்கள். அரையிறுதியில் பிரான்ஸிடம் 43-31 தோல்வி. அவரைப் பின்னால் விட்டிருந்தால் கதையே வேறு. இன்னும் வயிறு எரிகிறது.

வத்தளை சித்தப்பா: பிரான்ஸ் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். சேர்ஜ் பிளாங்கோ. வெனிசுவேலாவில் கரகாஸில் பிறந்தவர். 93 டெஸ்ட், 38 ட்ரை. 1987 முதல் உலகக் கிண்ணம், சிட்னி, அரையிறுதி, அவுஸ்திரேலியாவோடு 24-24. கடைசி நிமிடம். பந்து பல கை மாறி இடது மூலையில் பிளாங்கோவிடம் வருகிறது, விழுந்துகொண்டே வைத்தார். அப்போது ட்ரைக்கு 4 புள்ளிதான், அதன் பின் உதைக்கிற கன்வேர்ஷனோடு 30-24. அதுவரை ஓடி ஓடிக் களைத்த கால்கள் அவை. ஃபுல்பேக் கோட்டைக் காவல் காப்பான், சரி, ஆனால் பின்னாலிருந்து ஆட்டத்தையே திருப்புகிறவன்தான் பெரிய ஃபுல்பேக்.

ராஜு மாமா: மாப்பிள்ளை, இறுதியாட்டத்தில் நியூசிலாந்திடம் 29-9

வத்தளை சித்தப்பா: அதற்கு பிளாங்கோ என்ன செய்வார்?

செல்வி அக்கா: வேன் யார் பேசினது? கினிகத்தேனை பக்கம் மழை என்கிறார்கள். மண் சரிந்தால் எந்த வழியாகப் போவது?

சுரேஷ்: வேன் பேசியாச்சு அக்கா. காலை 5.30.

லெட்சுமி அத்தை: அம்மாயியும் வருவேன் என்கிறார்

செல்வி அக்கா: அந்தக் குளிரில் அம்மாயியா??

ராஜு மாமா: என் தீர்ப்பு ஜே.பி.ஆர். வில்லியம்ஸ். வேல்ஸ். 1976 மார்ச், கார்டிஃப், பிரான்ஸோடு கிராண்ட் ஸ்லாம் மேட்ச், வென்றால் ஐந்து நாட்டுத் தொடரில் எல்லா மேட்சும் வெற்றி. கூர்டோன் என்கிற பிரெஞ்சு விங்கர் மூலையை நோக்கிப் பறக்கிறான், இன்னும் இரண்டு எட்டு வைத்தால் ட்ரை. ஜே.பி.ஆர். குறுக்கே வந்து தோளால் ஒரே இடி, ஆள் கோட்டுக்கு வெளியே. வேல்ஸ் 19-13. 1971இல் லயன்ஸ், அதாவது பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த அணி, நியூசிலாந்துக்குப் போனபோது நான்காவது டெஸ்ட், ஒக்லாந்து, வெகு தூரத்திலிருந்து, பந்தைத் தரையில் விட்டு உதைக்கிற ட்ரொப் கோல் அடித்தார். ஆட்டம் 14-14 சமன், தொடர் லயன்ஸுக்கு. நியூசிலாந்து மண்ணில் லயன்ஸ் தொடரை வென்றது அந்த ஒரே தடவைதான், இன்று வரைக்கும். சின்னத்துரை பங்களாவில் கேசட்டில் பார்த்தேன். காலுறை கணுக்காலில் கிடக்கும், கிருதா காற்றில் பறக்கும், மனிதர் பின்வாங்குகிற பேச்சே இல்லை.

சுரேஷ்: கையைச் சுற்றிப் பிடிக்கவில்லை மாமா. இன்று அப்படி இடித்தால் சிவப்பு அட்டை.

ராஜு மாமா: அன்றைக்கு நடுவர் ஊதவில்லை

சுரேஷ்: கவின் அதைப் பார்த்துவிட்டு சனிக்கிழமை செய்தால்?

ராஜு மாமா: அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தலை பக்கவாட்டில், தோள் தொடையில், கை இரண்டும் சுற்றிப் பூட்டு. ஜே.பி.ஆரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் துணிச்சலை. தோள் இடியை அல்ல.

லெட்சுமி அத்தை: இவர் டாக்டர் என்றீர்களே அன்றைக்கு ஒரு நாள்

ராஜு மாமா: ஆமாம். எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர். 2024 ஜனவரியில் காலமானார். 1966இல் விம்பிள்டனில் பிரிட்டிஷ் ஜூனியர் டென்னிஸ் பட்டமும் வென்றவர்.

லெட்சுமி அத்தை: அப்படியென்றால் அவர் பெயரையே போடுங்கள்

செல்வி அக்கா: விளையாடிக்கொண்டே டாக்டருக்குப் படித்தாரா?

ராஜு மாமா: விளையாடிக்கொண்டே.

செல்வி அக்கா: 🙏 இதைக் கவினிடம் நீங்களே சொல்லுங்கள் மாமா. நான் சொன்னால் கேட்கிறதில்லை.

டுபாய் மோகன்: டாக்டர் என்பதற்காக ஃபுல்பேக்கா 😅

பிரியா: நான் ஒரு பெயர் சொல்கிறேன். எல்லி கில்டன். இங்கிலாந்து. 15ஆம் இலக்கம். 2024இல் உலகின் சிறந்த வீராங்கனை விருது. 2025 உலகக் கிண்ண இறுதியாட்டம், ட்விக்கன்ஹம், 81,885 பேர் பார்க்கிறார்கள், கனடாதான் முதல் ட்ரை வைத்தது. உடனே கில்டன் பந்தை எடுத்து உள்ளேயும் வெளியேயும் வெட்டி வெட்டிப் போய் வைத்தார் பாருங்கள், அதோடு ஆட்டம் மாறியது. 33-13.

டுபாய் மோகன்: தங்கச்சி அது பெண்கள் றக்பி

பிரியா: அண்ணன் கேட்டது சிறந்த ஃபுல்பேக். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. நான் பள்ளியில் விளையாடக் கேட்டபோதும் இதையேதான் சொன்னீர்கள்.

லெட்சுமி அத்தை: பிரியா சொல்வது நியாயம்

வத்தளை சித்தி: நியாயம்தான்

டுபாய் மோகன்: நான் எங்கே வேண்டாம் என்றேன்

ராஜு மாமா: அந்த ட்ரையை நானும் பார்த்தேன். இடைவெளி தெரிகிற இடத்துக்குப் போகாமல், இடைவெளி வரப்போகிற இடத்துக்குப் போனாள் பிள்ளை. பிளாங்கோவுக்குப் பக்கத்தில் வைக்கலாம். பிரியா, உன்னை அப்போது விளையாட விட்டிருக்க வேண்டும், அன்றைக்கும் நான் அதைத்தான் சொன்னேன், உன் அப்பாதான் கேட்கவில்லை.

பிரியா: ❤️

சுரேஷ்: அப்பாவை இழுக்க வேண்டாமே மாமா. மணி 7.20.

வத்தளை சித்தப்பா: துணிச்சல் என்றால் ஜுபேரை விட்டுவிட்டீர்கள். தென்னாபிரிக்கா, 1995 உலகக் கிண்ணம்.

ராஜு மாமா: அவரை எப்படி விடுவேன்? என் கணக்கில் இரண்டாவது இடம் அவருக்குத்தான். காலிறுதியில் சமோவாவோடு ஆடும்போது கை எலும்பு உடைந்தது. ஒரு வாரத்தில் கையில் கவசம் மாட்டிக்கொண்டு அரையிறுதிக்கு வந்தார். டர்பனில் அன்று நம் ஆடி மழை மாதிரி மழை, பெண்கள் விளக்குமாறு எடுத்துவந்து கிரவுண்டிலிருந்து தண்ணீரைத் தள்ளினார்கள். உடைந்த கையோடு, வழுக்கும் பந்தோடு, கடைசி ஆளாக நிற்க வேண்டும் என்றால் யோசித்துப் பாருங்கள். 19-15 வென்று, இறுதியிலும் அதே கையோடு ஆடி, 15-12 கிண்ணம்.

டுபாய் மோகன்: அதே வருடம்தானே நியூசிலாந்தின் லோமு இங்கிலாந்தின் மைக் கேட் மேல் ஏறி மிதித்து ஓடியது. அந்த மைக் கேட்டும் ஃபுல்பேக்தான்.

செல்வி அக்கா: யார் யார் மேல் ஏறினது???

சுரேஷ்: மோகன் 🤦

செல்வி அக்கா: சுரேஷ், என் பிள்ளை எவ்வளவு ஒல்லி என்று உனக்குத் தெரியும்தானே. கடைசி ஆளாக அவனை ஏன் நிறுத்துகிறார்கள்? வேறு இடம் இல்லையா?

ராஜு மாமா: செல்வி, பயப்படாதே. லீ ஹாஃப்பென்னி என்று வேல்ஸில் ஒருவர், சின்ன உடம்பு. 2013 லயன்ஸ் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். பெரிய உடம்பு தேவையில்லை, நேரத்துக்குச் சரியான இடத்தில் நின்றால் போதும். இன்னொன்றும் இருக்கிறது. தன் பக்கத்து 22 மீட்டர் கோட்டுக்குள் எதிரி உதைத்த பந்தை நேராகப் பிடித்து "மார்க்" என்று கத்தினால் நடுவர் ஊதிவிடுவார், அப்புறம் யாரும் அவனைத் தொட முடியாது. கவினிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். பந்து கைக்கு வந்ததும் வாயைத் திற.

டுபாய் மோகன்: 2023 காலிறுதி, பாரிஸ்! வில்லெம்ஸ மார்க் கேட்டுவிட்டு உதைக்காமல், இரு பக்கத்து முன்வரிசைகளும் முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம் கேட்டாரே. யாரும் எதிர்பார்க்கவில்லை. தென்னாபிரிக்கா 29-28.

ராஜு மாமா: அது மூளை. தன் முன்வரிசை மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தால்தான் அப்படிக் கேட்க முடியும்.

செல்வி அக்கா: தொட முடியாது என்றால் சரி

லெட்சுமி அத்தை: அம்மாயி கேட்கிறார், மேட்ச் நித்தவெலயிலா பல்லேகலையிலா? உட்கார இடம் இருக்குமா என்று

சுரேஷ்: கேட்டுச் சொல்கிறேன் அத்தை. இப்போது பெயர். 7.40. மாமா ஜே.பி.ஆர்., அத்தை ஜே.பி.ஆர்., அக்கா?

செல்வி அக்கா: டாக்டர்

சுரேஷ்: மூன்று. மோகன் கலன், சித்தப்பா பிளாங்கோ, பிரியா கில்டன். சித்தி?

வத்தளை சித்தி: நானும் கில்டன்

வத்தளை சித்தப்பா: என்ன இது

வத்தளை சித்தி: நீங்கள் உங்கள் பிளாங்கோவோடு இருங்கள்

சுரேஷ்: 3, 2, 1, 1. என் ஓட்டு மாமாவுக்கு. ஜே.பி.ஆர். என்று கடைக்கு அனுப்புகிறேன்.

டுபாய் மோகன்: பையன் பிறந்தது 2010க்கு அப்புறம். ஜே.பி.ஆர். யார் என்று அவனுக்குத் தெரியுமா?

ராஜு மாமா: தெரியாவிட்டால் தெரிந்துகொள்வான். அதற்குத்தானே முதுகில் போடுகிறோம்.

செல்வி அக்கா: ஒன்று சொல்லவா. அவன் ராத்திரி போர்வைக்குள் போனில் பார்ப்பது ஏதோ கீனன் என்று. பச்சை ஜேர்சி. ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பிரியா: ஹியூகோ கீனன்! அயர்லாந்து!

சுரேஷ்: அக்கா இதை இப்போதா சொல்வது

டுபாய் மோகன்: போன வருடம் லயன்ஸ், 2025, மெல்பேர்ன், இரண்டாவது டெஸ்ட். கடைசி நிமிடத்தில் ட்ரை வைத்து 29-26. அந்தக் கீனன்தான். கெட்ட தெரிவு இல்லை மச்சான்.

ராஜு மாமா: கீனன் நல்ல ஃபுல்பேக். உயரப் பந்தை விடுவதில்லை. ஆனால் சிறந்தவர் யார் என்றுதானே கேட்டீர்கள்? அதற்கு என் பதில் மாறாது.

லெட்சுமி அத்தை: பிள்ளைக்குப் பிடித்ததைக் கொடுங்களேன்

செல்வி அக்கா: டாக்டர் பெயரையே போடுங்கள், நல்லதுதானே

சுரேஷ்: கடைக்காரரிடம் பேசினேன். இப்போதைக்கு 15ஐ மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டேன். பெயரை நாளை காலை 10க்குள் சொன்னால் போதுமாம்.

வத்தளை சித்தப்பா: அப்படியென்றால் காலையில் மறுபடியும் ஓட்டு எடுப்போம். பிளாங்கோவுக்கு ஆள் சேர்க்கிறேன்.

டுபாய் மோகன்: 5000 அனுப்பிவிட்டேன். கீனன் என்றால் இன்னும் 1000 தருகிறேன்

ராஜு மாமா: பணத்தால் தீர்க்கிற விஷயமா இது மோகன்? நாளைக்குக் காலையில் போன் எடு, 1971 நான்காவது டெஸ்ட்டை முதலிலிருந்து சொல்கிறேன்.

வத்தளை சித்தி: சனிக்கிழமை கண்டிக்கு நாங்களும் வருகிறோம். அண்ணா, போட்டோவைக் கொண்டுவருகிறேன். பிரேம் இன்னும் மாற்றவில்லை.

ராஜு மாமா: பழைய பிரேமே போதும்

லெட்சுமி அத்தை: வத்தளைக்காரர் இரண்டு பேர், அம்மாயி, நாங்கள். வடைக்கு எவ்வளவு உளுந்து ஊறப்போட? யாராவது கணக்குச் சொல்லுங்கள்

செல்வி அக்கா: வேன் 5.30 என்று யார் முடிவு பண்ணினது? கணித வகுப்பு சேரை நான் இன்னும் கேட்கவே இல்லை