பயாப்ஸி பாட்டிலை உங்கள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களா?

கயல், திருச்சி:
அம்மாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. டிபியாக இருக்கலாம் என்று சோதனைக்கு அதிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். தியேட்டர் வாசலில் சிஸ்டர் "பேஷண்டோட ஆள் யாரு?" என்று கூப்பிட்டு, பாட்டிலையும் சீட்டையும் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார். வெளி லேபுக்கு ஆட்டோவில் மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி போனேன். உள்ளே அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு, வெளிறிப்போய், ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாட்டிலில் இடித்துக்கொண்டே வந்தது. கவுண்டரில் மூடியைத் திறந்ததும் நெடி கண்ணில் ஏறியது. "முழுசையும் ஃபார்மலின்ல போட்டுட்டாங்களேம்மா. கல்ச்சருக்கும்ல எழுதியிருக்கு" என்றார் அங்கிருந்தவர். கல்ச்சர் என்றால் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ஃபார்மலின் திசு கெடாமல் இறுக்கி வைக்கிற மருந்துநீர், அதில் விழுந்தபின் கிருமி வளராது. பாதியைச் சலைனில் தனியாகத் தந்திருக்க வேண்டுமாம். ரிப்போர்ட்டில் டிபிக்கான அடையாளம் தெரிந்தது, சரி. எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க மறுபடி கழுத்தில் ஊசி குத்தி எடுத்தார்கள். "போன தடவை எடுத்ததை என்னடி பண்ணாங்க?" என்று அம்மா கேட்டது இன்னும் ஆறவில்லை.

செந்தில், கோவை:
எங்களுக்கு ஃபார்மலினே கூடாது என்றார்கள். அண்ணிக்குச் சினைப்பையில் கட்டி, ஆபரேஷன் நடக்கும்போதே துண்டை உறையவைத்துப் பார்க்கிற ஃப்ரோசன் செக்‌ஷன். துண்டு பச்சையாகவே லேபுக்குப் போனது. அரை மணி நேரம் இருக்கும், டாக்டர் வெளியே வந்து "கேன்சர் மாதிரி தெரியலை, கட்டியை மட்டும் எடுத்துடுறோம்" என்றார். அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கயல், பாட்டிலை வாங்கும்போதே நீங்கள் சிஸ்டரிடம் கேட்டிருக்கலாமே?

ஹிஸ்டோ லேப் (திசுவைச் சோதிக்கிற லேப்) அக்கா:
செந்தில் தம்பி, தியேட்டர் வாசலில் பதறிக்கொண்டு நிற்கிற பிள்ளை அதையெல்லாம் கேட்குமா? அது உள்ளே இருந்தவர்கள் பார்த்திருக்க வேண்டிய வேலை. இங்கே வாய் குறுகிய பாட்டிலில் மார்பகக் கட்டியைத் திணித்து அனுப்புகிறார்கள். போடும்போது மெத்தென்று உள்ளே போய்விடும், இறுகியபின் வெளியே வராது. பாட்டிலை வெட்டித்தான் எடுப்போம். ஃபார்மலின் திசுவைப்போல் பத்து மடங்காவது வேண்டும். பேருக்கு ஊற்றினால் நடுப்பகுதி கெட்டுவிடும், அப்புறம் மார்பகக் கேன்சருக்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்கிற ஈஆர், பிஆர், ஹெர்-2 சோதனைகளைப் பார்த்தாலும் நம்ப முடியாது. பெயர் பாட்டிலில் ஒட்டியிருக்கிறதா, மூடியிலா என்று பாருங்கள். மூடியில் மட்டும் இருந்தால் கழற்றி வைத்த நிமிஷமே யாருடையது என்று தெரியாது. இடதா வலதா என்பது சீட்டிலும் பாட்டிலிலும் ஒன்றாக இருக்கட்டும். டாக்டரின் சந்தேகம் என்ன என்று ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். வெறும் 'பயாப்ஸி' என்று வந்தால் பேத்தாலஜிஸ்ட் எதைத் தேடுவார்? ஃப்ரோசனில் சொன்னதும் கடைசி முடிவு இல்லை, தம்பி. திசுவை மெழுகில் பதித்து பிளாக் போட்டுப் பார்த்து வருகிற ரிப்போர்ட்டையும் வாங்கிவிடுங்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் மாதிரி இடத்துக்குப் போவதானால் ஸ்லைடையும் பிளாக்கையும் கையோடு கொண்டு போங்கள்.

மாரி, நெல்லை:
அக்கா, பிளாக் கேட்டால் எங்கே தருகிறார்கள்? அப்பாவுக்குக் கேட்டபோது "ரிப்போர்ட்தான் கொடுத்தாச்சே" என்று சாயங்காலம் வரை நிற்க வைத்தார்கள். எழுதிக் கொடுத்தால் தந்துதான் ஆக வேண்டுமா?