99 விழுக்காடு ஒற்றுமை இருந்தாலும் புதிய பாக்டீரியா இனமாக இருக்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். மனிதத் தோலிலிருந்து பிரித்து வளர்த்த ஒரு பாக்டீரியாவின் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு (பாக்டீரியா இனங்களை அடையாளம் காண ஒப்பிடப்படும் மரபணு), ஏற்கெனவே அறிந்த இனத்துடன் 99 விழுக்காடு ஒத்திருந்தால், அது புதிய இனம் அல்ல என்று முடிவு செய்துவிடலாமா?

மறுமொழி 1:
முடியாது, நண்பரே. ஒற்றுமை ஏறத்தாழ 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் புதிய இனம் என்று கருத வலுவான காரணம் உண்டு. ஆனால் அந்த மரபணு மிக மெதுவாக மாறுவதால், அதற்கு மேல் இருந்தாலும் ஒரே இனம் என்பது உறுதியாகாது. முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, சராசரி ஒற்றுமை 95–96 விழுக்காட்டுக்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் அது புதிய இனமாகக் கருதப்படும்.

மறுமொழி 2:
எண்களோடு நின்றுவிடாதீர்கள் என்று வலியுறுத்துவேன். 2004இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் விவரித்த குடல் பாக்டீரியாவான அக்கர்மான்சியா மியூசினிஃபிலா, சளியிலுள்ள மியூசின் என்ற புரதத்தை மட்டுமே கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் ஆதாரமாகக் கொடுத்த ஊடகத்தில்தான் பிரித்தெடுக்கப்பட்டது. உயிரி எதை உண்டு வாழ்கிறது என்பதும் விவரிப்பில் இடம்பெற வேண்டும்.

மறுமொழி 3:
பெயர் முறைப்படி ஏற்கப்பட, வகைமாதிரி வளர்ப்பை (அந்த இனத்துக்கு அடையாள மாதிரியாக வைக்கப்படும் பாக்டீரியா வளர்ப்பை) வெவ்வேறு நாடுகளிலுள்ள இரண்டு நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களிலேனும் ஒப்படைக்க வேண்டும்.