மறுபடி ஃபேஸ்புக்: சூழல் செய்தி போட்டால் படிப்பீர்களா?

கடலோரன்: ரொம்ப நாள் கழித்துத் திரும்பியிருக்கிறேன். பழையபடி அறிவியல், சூழல் செய்திகள் போட ஆசை. ஆனால் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கும் பங்குனி ஆமையின் படம் போட்டால் நாலு 'ஐயோ', அதோடு சரி. வேறெப்படிப் போடுவது?

நெய்தல்: காரணத்தையும் எழுதுங்கள். ஆமைக்கு நுரையீரல்; இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சாகிறது. வலையிலேயே ஆமை தப்பிக்க வழி வைக்கும் கருவி உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

அலை: நல்லதையும் போடுங்கள் அண்ணே. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டருக்குக் கடற்பசு என்ற கடல்வாழ் பாலூட்டிக்குக் காப்பகம் அறிவித்தார்கள். எங்கள் தெருவில் கேட்டால் கடற்பசுவா, அது பால் கறக்குமா என்கிறார்கள்!

கடலோரன்: அப்போ முதல் பதிவு கடற்பசுதான். அது மேயும் கடற்புல்லிலிருந்தே தொடங்குகிறேன்.