உப்பிய மாவுப் பொட்டலங்களும் ஓர் அச்சகத்தின் கோப்பும்

தர நிர்வாகத்தால் சிறு தொழில்களுக்கு உண்மையில் பலன் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். கணக்கெழுதுவதற்காக நான் சென்றுவரும் இரண்டு நிறுவனங்களில் கண்டதைப் பகிர்கிறேன்.

ஒன்று, சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் இட்லி மாவு அரைத்துத் தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளுக்கு அனுப்பும் நிறுவனம். பொட்டலங்கள் உப்பித் திரும்பி வருவது அங்கே தீராத தலைவலி. இந்த வெக்கையில் மாவு புளிக்கத்தான் செய்யும் என்று எல்லாரும் விட்டுவிட்ட நிலையில், உரிமையாளரான அக்கா ஒவ்வோர் ஈட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, ஊறவைத்த நேரம், அரைத்து முடித்தபோது மாவின் வெப்பநிலை, குளிரறைக்குள் வைத்த நேரம் ஆகியவற்றைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதச் சொன்னார். திரும்பி வந்தவற்றைத் தாளோடு ஒப்பிட்டபோது, பெரும்பாலானவை பிற்பகலின் கடைசி ஈட்டைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஓடி ஓடிச் சூடேறிய கிரைண்டரிலிருந்து வெதுவெதுப்பாக வந்த மாவு, நெருக்கி அடுக்கிய கூடைகளின் நடுவே குளிர் எட்டாமல் கிடந்து புளித்திருக்கிறது. இதைச் சொன்னவர், மாவு அரைக்கும் அண்ணன். (1980களில் சிங்கப்பூரின் தேசிய உற்பத்தித்திறன் வாரியம் பரப்பிய தர வட்டங்களின், அதாவது ஊழியர்களே சிறு குழுக்களாகக் கூடி வேலையிலுள்ள குறைகளைத் தீர்க்கும் முறையின், அடிப்படையும் இதுவே: வேலையில் கை வைப்பவருக்குத்தான் பழுது முதலில் தெரியும்.) ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கவும் கூடைகளுக்கிடையே இடம் விடவும் தொடங்கியபின், திரும்பிய பொட்டலங்களின் பணத்தைக் கழித்துக் கடைகளுக்கு நான் எழுதும் கிரெடிட் நோட்டுகள் வெகுவாகக் குறைந்தன, மறுபடி அரைப்பதற்கான கூடுதல் நேரச் சம்பளமும் குறைந்தது.

மற்றொன்று, தர நிர்வாகத்துக்கான அனைத்துலகத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் பெற்ற ஓர் அச்சகம். அங்கே தரக் கையேடு தடித்த கோப்பாக இருக்கிறது. தணிக்கைக்கு முந்தைய வாரம் மட்டுமே அலமாரியிலிருந்து இறங்குகிறது. அத்தகைய கையேடு கட்டாயம் என்று அந்தத் தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்லவில்லை. பழுது நேர்ந்தால் காரணத்தைக் கண்டறிந்து, அது மீண்டும் வராமல் தடுக்க வேண்டும் என்பதைத்தான் அது வலியுறுத்துகிறது. சான்றிதழைக் குறை கூற மாட்டேன், அதைக் கேட்கும் பெரிய வாடிக்கையாளர்கள் உண்டு. ஆனால் நிறம் பிசகி மறுபடி அச்சிட்ட வேலைகளின் தாள் செலவெல்லாம் ‘தாள் கொள்முதல்’ என்ற ஒரே தலைப்பில் கரைந்துபோவதால், எவ்வளவு பணம் வீணாகிறது என்பது உரிமையாளருக்கே தெரியவில்லை.

மறு அச்சுச் செலவுக்குத் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தேன், ஒப்புக்கொண்டுவிட்டார். இனி ஒவ்வொரு மறு அச்சுக்கும் காரணத்தை அச்சு இயந்திரத்தை இயக்குபவரே எழுதித் தருவார்.